அக்காவின் ஈறும் என் வாயும்

அக்காவுக்கு ஈறை வெட்டிக்கொள்ள வேண்டுமாம். அதுவும் நன்றாக இருக்கிற ஈறை. ரத்தம் வரவில்லை, வீக்கம் இல்லை, வலி இல்லை. சிரித்தால் மேல் ஈறு அதிகமாகத் தெரிகிறது, அவ்வளவுதான் அது செய்த குற்றம்.

எனக்குத் தெரியாதா? எனக்கும் அதே ஈறுதான். எங்கள் இரண்டு பேரையும் ஒரே அச்சில் வார்த்த மாதிரிதான் பெற்றிருக்கிறாள் அம்மா. பள்ளிக்கூடத்தில் அவளைக் 'குதிரை' என்றார்கள். பின்னாலேயே நான் போய்ச் சேர்ந்தபோது 'சின்னக் குதிரை' என்ற பட்டம் எனக்காகத் தயாராக இருந்தது. நான் கனைத்துக் காட்டிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். அக்கா வாயை மூடிக்கொண்டாள். நாற்பது நெருங்கியும் இன்னும் திறக்கவில்லை. சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் நர்ஸ் அவள். ஊரே முகக்கவசம் மாட்டிக்கொண்டு திரிந்த காலத்தில்தான் வேலையிடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். கவசம் வேண்டாம் என்று சொன்ன அன்று எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட, இவள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

பல் டாக்டரிடம் போகும் பேருந்திலேயே எங்களுக்குள் முட்டிக்கொண்டது.

"நல்லா இருக்கறத எதுக்குக்கா வெட்டணும்?"

"நீ தெனமும் பார்லர்ல ஊர்ப்பட்ட பேரோட புருவத்தப் புடுங்குற. என் ஈறுன்னதும் உனக்கு ஞானம் பொறந்துடுச்சா?"

"புருவம் திரும்ப மொளைக்கும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் உண்மையான கோபத்தை நான் சொல்லவே இல்லை. அவள் முகம் சரியில்லை என்றால், அதே முகத்தை வைத்துக்கொண்டிருக்கிற நான் யார்? கிளினிக் சுவரில் ஜோடி ஜோடியாக வாய்ப் படங்கள் மாட்டியிருந்தார்கள். இடது பக்கம் 'முன்', வலது பக்கம் 'பின்'. நாளைக்கு அவள் பக்கத்தில் நான் நின்றால் என் இடம் எது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. என் வாய்க்கு ஊரே பயப்படும். எனக்கு அவள் சொல்லப்போகும் பதிலுக்குப் பயம். அதனால் கேட்கவில்லை.

டாக்டரம்மா நிதானமான ஆள். அக்காவைச் சாய்த்துப் படுக்கவைத்து, மெல்லிய கம்பி ஒன்றை ஒவ்வொரு பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டு அளந்தார்.

"பல்லு குட்ட இல்ல. ஈறு கொஞ்சம் கீழ எறங்கி மூடியிருக்கு. எடுக்கலாம். ஆனா கூடுதலா எடுத்துட்டா வேர் தெரியும், பல்லு கூசும். எடுத்தத திரும்ப ஒட்ட முடியாது. அதனால நீங்க முழுசா சிரிக்கும்போது எவ்வளவு தெரியுதுன்னு பாக்கணும். எங்க, சிரிங்க."

அக்கா உதட்டை இரண்டு பக்கமும் இழுத்தாள்.

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம் இழுத்தாள். அடையாள அட்டைப் படத்தில்கூட மனிதர்கள் இதைவிட நன்றாகச் சிரிப்பார்கள். மேலுதடு பல்லோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது. நெற்றியில் வியர்வை.

"வீட்ல எடுத்த போட்டோ ஏதாவது இருக்கா? சிரிச்ச மாதிரி?"

"இல்ல" என்றாள் அக்கா.

டாக்டர் கேமராவைக் கீழே வைத்தார். "முழுச் சிரிப்பப் பாக்காம நான் கை வைக்க மாட்டேங்க."

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அது ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. அக்கா எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"பரவால்ல டாக்டர். வேற எடத்துல இதெல்லாம் கேக்க மாட்டாங்க. ஒரே நாள்ல முடிச்சுடறோம்னு வெளம்பரத்துல போட்டிருந்தாங்க."

அவள் பிடித்தால் பிடித்ததுதான். அளக்காமல் எவனோ வெட்டிவிடுவான், இவளும் வேர் தெரிய வந்து நிற்பாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க தங்கச்சிதானே? உங்களால சிரிக்க வைக்க முடியுமா?"

முடியும். உலகத்தில் என்னால் மட்டும்தான் முடியும். சிரிக்க வைத்தால் நானே கத்தியை எடுத்துக் கொடுத்த மாதிரி. வைக்காவிட்டால் அவளை எவன் கையிலோ பிடித்துக் கொடுத்த மாதிரி. எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் குரங்குச் சேஷ்டைதான் வரும்.

மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் தாடை இருந்தது. எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்து, படக் படக் என்று திறந்து மூடினேன். எங்கள் அத்தையின் மூக்குக்குரல் தானாக வந்தது.

"எல்லாரும் நல்லா சிரிங்க பாக்கலாம்! பெரியவளே, நீ மட்டும் சிரிக்காத கண்ணு. போட்டோ நல்லா வரணும்ல?"

அத்தை உண்மையிலேயே சொன்னதுதான் அது, சித்தப்பா கல்யாணத்தில், அத்தனை பேர் முன்னால். அக்காவின் முகம் இறுகியது. தப்புப் பண்ணிவிட்டேன், இனி இந்த ஜென்மத்தில் என்னோடு பேசமாட்டாள் என்று நினைத்தேன். அவசரமாக மூடியதில் தாடை இரண்டாகக் கழன்று, கீழ்ப்பாதி டாக்டர் மடியில் போய் விழுந்தது.

"ஐயையோ, என் வாயி! யாராவது புடிங்களேன்!" என்று அத்தை அலறினாள்.

அக்கா வெடித்துவிட்டாள். வழக்கம்போல் கை மேலே போனது. நான் பாய்ந்து அதைப் பிடித்துக்கொண்டேன். "விடுடி, விடுடி" என்று திமிறிக்கொண்டே, கண்ணில் தண்ணீர் வழிய, வாய் கொள்ளாமல் சிரித்தாள். டாக்டர் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்.

திரையில் அந்தச் சிரிப்பு பெரிதாக வந்து நின்றது. டாக்டர் கோடு போட்டுக் காட்டினார்.

"பாருங்க, இதுல பாதிதான் ஈறு. மீதி உங்க மேலுதடு ரொம்ப மேல ஏர்றதால தெரியுது. நான் எடுத்தா பாதிதான் கொறையும். அது போதுமான்னு நீங்கதான் சொல்லணும்."

அக்கா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்பை அவளே பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"அப்படியே நீதான்டி" என்றாள்.

"அழகா இருக்குல்ல? அப்ப வேண்டாம்தானே?" என்று அவசரமாகக் கேட்டேன்.

"அழகாத்தான் இருக்கு. உன் மூஞ்சி எனக்கு எப்பவுமே புடிக்கும். அதுக்காக நான் காலம் பூரா வாயப் பொத்திக்கிட்டே திரியணுமா?"

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். நல்ல எண்ணத்தோடுதான் பார்த்தார்.

"உங்களுக்கும் இதே அமைப்புதான். வேணும்னா நீங்களும்..."

காலையிலிருந்து நான் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். என் உதடுகள் தாமாக மூடிக்கொண்டன. குதிரை என்று கூப்பிட்டவர்கள் முன்னால்கூட அவை அப்படி மூடியதில்லை.

அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஊசியைப் பார்த்துக் கையை இழுப்பவர்களிடம் ஆஸ்பத்திரியில் ஒரு குரலில் பேசுவாள். அந்தக் குரலில் சொன்னாள்.

"அவளுக்கு ஒண்ணும் இல்ல டாக்டர். எனக்குப் பாதி போதும், தேதி சொல்லுங்க."