ஐஸ் குச்சி வைத்த கிட்டார்

என் அண்ணன் தினமும் காலையில் எனக்கு ஒரே ஒரு சொல் அனுப்புவான். "வரல."

அதைப் படித்த பிறகுதான் எனக்குத் தொண்டையில் எதுவும் இறங்கும். வராதது ஒரு கிட்டார். என் மகன் வீட்டை விட்டுப் போனபோது முதுகில் மாட்டிக்கொண்டு போன பழைய ஜப்பான் கிட்டார். பழைய கிட்டார் விற்கிற கடைகளின் இணையப் பக்கங்களை எல்லாம் அண்ணன் விடிந்ததும் ஒரு சுற்று பார்த்துவிடுவான். அது எங்கேயும் விற்பனைக்கு வரவில்லை என்றால், இன்னும் என் மகன் கையில் இருக்கிறது. அவன் கையில் இருக்கிறவரை அவன் எங்கேயோ சாப்பிடுகிறான், தூங்குகிறான், நன்றாக இருக்கிறான். இது என் கணக்கு. இந்தக் கணக்கில் ஓட்டை இருக்கிறது என்று எனக்கே தெரியும், யாரும் வந்து விரல் விட்டுக் காட்ட வேண்டாம்.

கணக்குக்கு ஆதாரம் அவன் வாய்தான். "சோத்துக்கு இல்லேன்னாலும் இதை மட்டும் விக்க மாட்டேம்மா" என்று சொல்வான். வாங்கிக் கொடுத்தது அவன் மாமா, அதாவது என் அண்ணன். சொந்தப் பிள்ளை இல்லாத மனிதன், பாசத்தை எல்லாம் கொண்டுவந்து என் வீட்டில் கொட்டினான்.

மகன் படிப்பைப் பாதியில் விட்டான். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் வாய் முற்றியது. "இந்த வீட்டுல இருக்கணும்னா என் பேச்சைக் கேக்கணும்" என்றார் இவர். அவன் இரண்டையும் செய்யவில்லை. போன் எண்ணையும் மாற்றிவிட்டான். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால், "மேஜரான பையன்மா. தானா போயிருக்கான், தானா வருவான்" என்று அனுப்பிவிட்டார்கள். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள். அன்றிலிருந்து இவர் டிவியைக்கூடச் சத்தமில்லாமல்தான் பார்க்கிறார்.

அண்ணனுக்கு லிப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில் வேலை. இயந்திரத்தின் இடுக்குகளைப் பார்ப்பதற்கு நீளக் கம்பியின் நுனியில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி வைத்திருப்பான். அந்தக் கண்ணாடியைக் கிட்டாரின் வயிற்றுக்குள் விட்டுப் பார்ப்பதுதான் அவனுடைய பைத்தியம். யாராவது பழைய ஜப்பான் கிட்டாரைக் கொண்டுவந்தால் போதும், சாப்பாட்டை மறந்துவிடுவான். சத்தம் வருகிற ஓட்டையின் விளிம்பைப் பார்ப்பான். மேல்பலகையின் கோடுகள் அந்த விளிம்பிலும் நேராக இறங்கினால் ஒரே மரம், அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். பிறகு கண்ணாடியை விட்டு, உள்ளே கட்டையில் குத்தியிருக்கிற எண்ணைப் படிப்பான். ஐம்பது என்று ஆரம்பித்தால் அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது இல்லையாம். சில பட்டறைக்காரர்கள் தங்கள் பேரரசரின் ஆட்சிக் கணக்கில் ஆண்டு போட்டார்களாம். அந்தக் கணக்கில் ஐம்பது என்றால் நமக்கு எழுபத்தைந்து. இதையெல்லாம் கல்யாண வீட்டிலும் சொல்வான், துக்க வீட்டிலும் சொல்வான்.

அவனுக்கு "இல்லை" என்று ஒரு சொல்லில் சொல்லவே வராது. மகன் போன புதிதில் நானும் இணையத்தில் தேடி, ஒன்றுபோலத் தெரிகிற படத்தை எல்லாம் அவனுக்கு அனுப்புவேன். ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் போனில் பேசுவான். தந்தி கட்டற பாலம் வேற மாதிரி, பின்பலகை மூணு துண்டு, நம்மளது ரெண்டு துண்டு, முடுக்கற திருகு பிற்காலத்து மாடல், கழுத்து மரம் வேற. "சரி சாமி, இல்லேன்னு சொல்லிட்டுப் போயேன்" என்றால், "காரணம் தெரியாம எப்படிப் பாப்பா நம்புவே?" என்பான். ஐம்பது வயதில் என்னைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் அவன் ஒருவன்தான் இருக்கிறான்.

அன்றைக்குக் காலையில் செய்தி வரவில்லை. நான் வேலை செய்கிற ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், ஒரு பெரியவரின் கையில் பட்டையைக் கட்டி, விரல் நுனியால் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. அழைத்தது அண்ணன்; காலையில் அவன் பேச மாட்டான், எழுதத்தான் செய்வான். ஊசியைக் குத்தி, ரத்தம் எடுத்து, பஞ்சை வைத்து மடக்கிய பிறகுதான் திருப்பிக் கூப்பிட்டேன்.

"பாப்பா, ஒண்ணு வந்திருக்கு. அதுவா இல்லையான்னு படத்துல தெரியல. நேர்ல பாக்கணும்."

மத்தியானம் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு அவன் கம்பெனி வேனில் ஏறினேன். அதுவாக இருக்கட்டும் என்று ஒரு மனம் வேண்டியது. அப்படி இருந்தால் யார் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று கேட்கலாம், ஒரு நூல் கிடைக்கும். அதுவாக இருக்கக் கூடாது என்று இன்னொரு மனம் வேண்டியது. சோற்றுக்கு இல்லாமல் போனாலும் விற்காத பொருளை விற்றிருக்கிறான் என்றால் அவன் எந்த நிலையில் இருக்கிறான்? இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது, வேனின் முன்சீட்டில்தான் புரிந்தது.

"நம்பரைப் பாத்தா தெரிஞ்சிரும்ல?" என்றேன்.

அண்ணன் சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். பச்சை விழுந்தும் வண்டியை எடுக்கவில்லை.

"ஐம்பதுல ஆரம்பிக்கும்" என்றான்.

"அப்புறம்?"

"அது ஞாபகம் இல்ல பாப்பா. முதல் ரெண்டு எண்தான் வருஷம். அதுக்கு மேல நாங்க யாரும் பாக்க மாட்டோம்."

"அந்த வருஷம் அந்தப் பட்டறையில செஞ்ச எல்லாத்துலயும் ஐம்பதுதானே இருக்கும்?"

"ஆமா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஜப்பான் பேரரசர் எப்போது பட்டத்துக்கு வந்தார் என்று கரைத்துக் குடித்தவனுக்கு, மருமகன் கிட்டாரின் எண் தெரியவில்லை. எந்த மரம், எந்த வருஷம், எந்தப் பட்டறை, எல்லாம் தெரியும். எல்லாம் நூறு கிட்டாருக்குப் பொருந்தும். அந்த ஒரே ஒரு கிட்டாருக்கு மட்டும் பொருந்துகிற விஷயம் எதுவும் அவனிடம் இல்லை. "உன் படிப்பைக் கொண்டுபோய்க் குப்பையில போடு" என்றேன்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "இரு, ஒண்ணு இருக்கு" என்றான். மகன் ஒரு தடவை கிட்டாரைக் கட்டிலிலிருந்து கீழே தள்ளிவிட்டானாம். மேல்பலகைக்கு அடியில் தாங்குகிற சட்டம் ஒன்று விட்டுப்போனதாம். எனக்குத் தெரியாமல் மாமாவும் மருமகனும் சேர்ந்து ஒட்டியிருக்கிறார்கள். "ரெண்டு பேரும் ஐஸ் வாங்கித் தின்னுட்டு, ஒரு குச்சியைக் கழுவிக் காயவச்சு, சட்டத்துக்குப் பக்கத்துல முட்டுக் கொடுத்து ஒட்டினோம். அந்தக் கழுதை குச்சியோட ஒரு முனையைக் கடிச்சுக் குதறி வச்சிருந்தான். பரவால்லேன்னு அப்படியே ஒட்டிட்டேன். வேலை தெரிஞ்சவன் பாத்தா செருப்பால அடிப்பான். ஆனா உலகத்துல ஐஸ் குச்சி வச்ச கிட்டார் அது ஒண்ணுதான்."

கடிப்பான். பேனா மூடி, பென்சில், சட்டைக் காலர் நுனி, எதையும் விட மாட்டான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடை மாடியில் இருந்தது. கடைக்காரர் நல்ல மனிதர், அதுதான் கஷ்டமாகிவிட்டது. திட்டக்கூட முடியவில்லை. கிட்டாரை எடுத்து மேசைமேல் துணி விரித்து வைத்தார். முகம் பார்க்கலாம் போலத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார். கீறல் இருந்தால் பூசி மறைத்தாகிவிட்டது. படம் ஏதாவது ஒட்டியிருந்தால் உரித்தாகிவிட்டது, திருகுகளும் புதிது.

"யார்கிட்ட வாங்கினீங்க?" என்று கேட்டேன்.

"மொத்தமா ஒரு லாட்டும்மா. ஏலத்துல எடுத்த ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தர், அவர்கிட்ட இருந்து நான். பத்துப் பன்னிரண்டு கிட்டார் ஒண்ணா வந்துச்சு. எது எந்த வீட்டுதுன்னு அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும்" என்று இரண்டு கையையும் விரித்தார். நூல் அங்கேயே அறுந்துவிட்டது.

அண்ணன் தந்திகளைத் தளர்த்தினான். என்னை டார்ச்சைப் பிடிக்கச் சொன்னான். கண்ணாடியை உள்ளே விட்டு எண்ணைப் படித்தான். "ஐம்பது" என்றான். அதன் பிறகு மெல்லிய தந்திகள் இருக்கிற பக்கமாகக் கண்ணாடியைத் திருப்பினான். உள்ளே என்ன தெரிந்தது என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியாது. எனக்குத் தெரிந்தது அவன் முகம் மட்டும்தான். அந்த முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் அவன் முகம் இருந்து நான் பார்த்ததே இல்லை.

கண்ணாடியை வெளியே எடுத்தான்.

"இல்ல" என்றான்.

நான் காத்திருந்தேன். பாலம், பின்பலகை, கழுத்து மரம், ஏதாவது வரும் என்று காத்திருந்தேன்.

"குச்சி?" என்றேன்.

"இல்ல பாப்பா. இது வேற." கண்ணாடியைத் துடைக்காமலே சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "வேன் இடைஞ்சலா நிக்குது, திருப்பி வைக்கறேன். நீ மெதுவா வா" என்று படியிறங்கிப் போய்விட்டான். கடைக்காரர் வேறு ஆளைக் கவனிக்கப் போனார்.

தந்திகள் தளர்ந்தே கிடந்தன. நான் அவற்றை ஒதுக்கி என் கையை உள்ளே விட்டேன். சின்னக் கை. கண்ணுக்குத் தெரியாத நரம்பை விரலால் கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சம்பளம். பலகையின் அடிப்பக்கம் தூசி. ஒரு சட்டம். அதன் பக்கத்தில் தட்டையாக, மெல்லிசாக ஒன்று. அதன் மேலேயே விரலை ஓட்டினேன். முனை உருண்டையாக, வழவழவென்று இருந்தது. இன்னொரு முனைக்கு ஓட்டினேன். அங்கே நாரும் பள்ளமுமாக இருந்தது. பல் பதிந்த பள்ளங்கள். கீழ்வரிசையில் ஒரு பல் கொஞ்சம் விலகி நிற்கும் அவனுக்கு. அந்தப் பள்ளமும் விலகித்தான் இருந்தது.

எவ்வளவு நேரம் கையை அங்கேயே வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. "ஏதாவது விழுந்துருச்சாம்மா உள்ள?" என்று கடைக்காரர் கேட்டார். "இல்லைங்க" என்று எடுத்துக்கொண்டேன்.

கீழே இறங்கி வேனில் ஏறிக்கொண்டேன். அண்ணனிடம் என்ன கேட்பது? கேட்டால் அவன் அழுவான், நான் அழுவேன், வீட்டில் இவருக்கும் தெரிந்துவிடும். தெரிந்து யார் எங்கே போய்த் தேடுவது? வீட்டு வாசலில் இறங்கும்போது, "நல்லவேளைண்ணா, அது இல்ல" என்றேன். "ஆமா பாப்பா, நல்லவேளை" என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இரண்டு பேராகச் சேர்ந்து பாடுபட்டோம்.

சாயங்காலம் கடையின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அந்தக் கிட்டாரின் படத்துக்கு மேல் "விற்பனையாகிவிட்டது" என்று போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வரட்டுமா என்று அண்ணனிடம் கேட்டேன். வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள், கொஞ்ச நாளைக்கு வராதே என்றான். சரி என்றேன். அந்த வீட்டுக்குப் பெயின்ட் அடித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் இவர் எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் தினமும் இதற்குத்தான் காத்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். போன் அதிர்ந்தது.

"வரல" என்று அனுப்பியிருந்தான்.

"என்னவாம்?" என்றார் இவர்.

"வரலையாம்" என்றேன்.

இவர் தலையை ஆட்டிவிட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.