இல்லாத கால்

அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்கச் சொல்லிப் பதிப்பகம் அனுப்பியிருந்த பக்கத்தில் பூனைக்கு நான்கு கால்கள் இருந்தன. நான் படம் எடுத்தபோது மூன்றுதான்.

குழந்தைகளுக்கான அறிவியல் புத்தகம் அது. வீட்டுப் பூனைகளைப் படம் பிடித்துத் தரும் வேலை எனக்கு. தூங்குவது, உடம்பை நக்குவது, இருட்டில் கண் விரிவது எல்லாம் சுலபமாகக் கிடைத்துவிட்டன. பாய்வதற்குத்தான் பூனை அமையவில்லை. வங்கி மேலாளர் வீட்டுப் பூனை கொழுத்துப்போய் மெத்தையைவிட்டு இறங்க மறுத்தது. பல் மருத்துவர் வீட்டுப் பூனை என்னைக் கண்டதும் கட்டிலடியில் பதுங்கிக்கொண்டது. கடைசியில் எங்கள் தெருத் தையற்கார அக்கா வீட்டுக்குப் போனேன். நான் முக்காலியை விரித்துக் கேமராவைப் பொருத்தும்போது அக்கா சிரித்தார்.

"எங்க வீட்டு முக்காலி அங்க மேல இருக்கு பாரு."

பீரோவின் உச்சியில் ஒரு சாம்பல் நிறப் பூனை. குட்டியாக இருந்தபோது வண்டி ஏறி முன்னங்கால் ஒன்று போய்விட்டதாம். ஐயோ பாவம் என்றேன்.

"பாவம்னு மட்டும் சொல்லாத. பாவப்பட்டதா இருந்தா பக்கத்து வீட்டு மீனையாவது விட்டு வைக்கும்."

அதற்குள் அது பாய்ந்துவிட்டது. பீரோவிலிருந்து தையல் மெஷினுக்கு, அங்கிருந்து ஜன்னலுக்கு. வால் ஒரு பக்கமாக வீச, முதுகு வளைய, இருக்கிற ஒரே முன்னங்காலை நீட்டிக்கொண்டு. அந்த ஒரு படத்துக்காக மத்தியானம் முழுக்க, துணித் துண்டுகளுக்கு நடுவே தரையில் படுத்துக் கிடந்தேன். கிளம்பும்போது அக்கா கேட்டார்.

"இப்படியேதான போடுவாங்க? வெட்டி ஒட்ட மாட்டாங்களே?"

"இப்படியேதான்க்கா."

சரிபார்க்க வந்த அந்த நான்கு கால் பக்கத்தை எடுத்துக்கொண்டு பதிப்பகத்துக்குப் போனேன். பதிப்பாசிரியர் மரியாதையானவர். உட்காரச் சொன்னார்.

"குழந்தைங்க பாத்தா கஷ்டப்படும்மா. ஏன் ஒரு கால் இல்லன்னு கேக்கும்."

"கேக்கட்டும் சார். கேக்கறதுக்குத்தானே அறிவியல் புத்தகம்."

"ஒரு காலுக்காக இவ்வளவு சண்டையா?"

"இல்லாத காலுக்காக சார். நீங்க சேர்த்த கால அழிக்கலைன்னா என் படம் ஒண்ணுகூட இதுல வரக்கூடாது."

சொன்ன பிறகுதான் உறைத்தது. இவர்கள் கைவிட்டால் பழைய ஸ்டூடியோதான் கதி. அங்கே வருடக்கணக்காக உட்கார்ந்து, வந்தவர்கள் முகத்திலிருந்த மருவையும் தழும்பையும் அழித்து, கேட்காதவர்களுக்கும் கன்னத்தை வெளுப்பாக்கிக் கொடுத்திருக்கிறேன். சாயங்காலம் என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தால்கூட எதை அழிக்கலாம் என்றே தோன்றும். அங்கே திரும்பிப் போக முடியாது.

"யோசிச்சு சொல்றேன். நீங்க கிளம்புங்க."

"யோசிங்க சார். நான் இங்கயே இருக்கேன்."

கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாப்பாட்டு வேளை வந்தது. டப்பாக்கள் திறந்தன, மூடின. ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. ஆசிரியர் அந்தப் பக்கத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். கடைசியில் பக்க வடிவமைப்புச் செய்யும் பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

"சார், அந்தக் கால வரைஞ்சது நான்தான். எனக்கே அது நாய்க் கால் மாதிரி இருக்கு."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். ஆசிரியர் சிரிக்கவில்லை. அவர் பதிலுக்குக் காத்திராமல் அவள் படத்தைப் பெரிதாக்கினாள். நகம், பாதம், முட்டி என்று அந்தக் கால் கீழிருந்து மேலாகக் கரைய ஆரம்பித்தது. ஆசிரியர் எழுந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவள் பின்னால் வந்து குனிந்தார். திரையில் கால் இருந்த இடத்தில் ஜன்னல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.