வாளிக்கு அடுத்த ஆள்

“தலைக்குள்ள மாவு மில்லா ஓடுது?”

கறுப்புக் கோட்டு ஒன்றை உதறிக்கொண்டே தையல் மாஸ்டர் ஒருநாள் என்னைக் கேட்டார். நான் தைத்த கோட்டுதான். தோள் முழுக்க வெள்ளைச் செதில்.

“மாசக் கடைசிக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா தலையணை உறை தைக்கிற மேசைக்குப் போயிடு.”

உறை என்றால் நான்கு நேர்க்கோடு. கோட்டு என்றால் வளைவு உண்டு, தோள் உண்டு. எனக்குக் கோட்டு மேசைதான் வேண்டும்.

எலுமிச்சை தேய்த்தேன், எரிந்தது. இரவெல்லாம் எண்ணெய் ஊறவைத்தேன். செதில் தடித்து, புருவத்துக்கும் மூக்கோரத்துக்கும் இறங்கியது. கடைசியில் போய்ப் பார்த்த டாக்டரம்மாதான் ஷாம்பு எழுதிக் கொடுத்தார்.

“இது யாருக்கும் ஒட்டாது. எண்ணெய நிறுத்து. வாரம் ரெண்டு தடவ இதப் போட்டு அஞ்சு நிமிஷம் ஊறவிடு. உடனே அலசினா மருந்து தண்ணியோட போயிடும்.”

அஞ்சு நிமிஷத்துக்கு எங்கே போவேன்? எங்கள் வரிசை வீடுகளுக்கு ஒரே குளியலறை. வெளியே வாளி நின்றால் ஆள் நின்ற மாதிரி. கதவைத் தட்டும் உரிமை முதல் வாளிக்காரருக்கு மட்டும். அது பெரும்பாலும் பஸ் டிரைவர் மாமா.

“உள்ளயே குடித்தனம் வச்சுட்டியா? வண்டி எடுக்கணும்மா.”

பாதி நுரையோடு வெளியே வருவேன். தையல் மெஷினில் உட்கார்ந்தால் விரல் தானாக உச்சிக்குப் போகும். இழுத்து இழுத்து மடியில் வைப்பேன்.

மாசக் கடைசி நெருங்கியது. ஒரு காலை வரிசையிலேயே தலையை நனைத்து, ஷாம்பைத் தேய்த்து, துண்டால் மூடிக்கொண்டேன். நுரை காதோரம் இறங்கியது. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன்.

“கழுத்துல என்ன ஒழுகுது?” பின்னால் மாமா.

“மருந்து, மாமா. செதில் கொட்டுது. அஞ்சு நிமிஷம் ஊறணும். நீங்க உள்ள இருக்க விடமாட்டேங்கிறீங்க.”

அவ்வளவையும் நானா பேசினேன்? வரிசை சிரித்தது.

“பஸ்ஸையே நிறுத்திட்டாளே,” என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

மாமா சிரிக்கவில்லை. தோளில் கிடந்த நீலச் சட்டையின் காலரைத் தட்டினார். வெள்ளையாக உதிர்ந்தது. மறுபடி தட்டினார்.

அதற்குள் கதவு திறந்துவிட்டது. அஞ்சு நிமிஷம் ஆகவில்லை. தயங்கினேன். மாமா யாருக்கும் தெரியாமல் இடுப்புக்குக் கீழே உள்ளங்கையை நீட்டினார். ஷாம்பு பாட்டிலைச் சாய்த்தேன்.

கையை மூடிக்கொண்டார். தன் வாளியை முதல் வாளியாகக் கதவுக்கு நேரே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.