சேரன்மகாதேவி சத்திரத்துப் பூட்டு

சேரன்மகாதேவி ஆற்றங்கரைச் சத்திரத்தில் எண்பது வருஷமாக வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்டுவந்தார்கள். 1912-இல் அதன் தர்மகர்த்தா ஆவுடைநாயகம் பிள்ளை வாரிசில்லாமல் காலமானார். தனக்குப் பின் மனைவி சொர்ணாம்பாள்தான் தர்மத்தை நடத்த வேண்டும் என்று எழுதிவைத்திருந்தார். பெண்ணுக்கு அந்த உரிமை கிடையாது என்று அவருடைய தம்பி தில்லைநாயகம் திருநெல்வேலியில் வழக்குப் போட்டார். தீர்ப்பு வரும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது, மீறுகிறவரின் கோரிக்கை தள்ளுபடி என்று சொல்லி, கோர்ட்டார் சத்திரத்தைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள்.

ஐப்பசியில், சத்திரத்தின் நிலைமையைப் பார்த்து எழுதிவரப் பாளையங்கோட்டை வக்கீல் ஞானசிகாமணியைக் கோர்ட்டு அனுப்பியது. அவர் குடையோடு போய்ச் சேர்ந்தபோது கதவில் முத்திரை அப்படியே இருந்தது. பக்கத்துச் சுவரை ஒட்டி ஓலைப் பந்தலுக்கடியில் சொர்ணாம்பாள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். ஏழெட்டுப் பேர் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"கோர்ட்டு உத்தரவு இருக்கையில இது என்னம்மா?"

புகையில் சிவந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் எழுந்தாள். "உள்ள போகக் கூடாதுன்னுதான் உத்தரவு, வக்கீலய்யா. நான் வாசப்படி மிதிக்கல. சோறு போடக் கூடாதுன்னு அதுல எங்கயும் இல்ல. வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்."

இருபது வருஷத் தொழிலில் ஓர் உத்தரவை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட கட்சிக்காரரை ஞானசிகாமணி பார்த்ததில்லை. அதையும் எழுதிக்கொண்டார்.

மத்தியானத்துக்கு மேல் ஆறு பெருகியது. தண்டவாளத்தில் தண்ணீர் ஏறியதால் ரயில் நின்றுவிட, பிரயாணிகள் சத்திரத்தைத் தேடி வந்தார்கள். காற்று பந்தலைப் பிய்த்துக்கொண்டு போனது. நாற்பது பேர் படிக்கட்டில் நனைந்தபடி நின்றார்கள். அவர்களில் புன்னக்காயல் படகுக்காரர் வியாகுலமும் ஒருவர். நிறைமாதமாயிருந்த மனைவி அந்தோணியம்மாளை, விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்க்கும் அவளுடைய அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார். அந்தப் படியிலேயே அவளுக்கு வலி எடுத்துவிட்டது. ஊருக்குள் போகிற பாதையில் இடுப்பளவு வெள்ளம்.

சொர்ணாம்பாள் பூட்டைப் பார்த்தாள். "சாவி ஒங்ககிட்ட இருக்கா?"

"இல்லம்மா. கோர்ட்டுல இருக்கு."

அவள் போய் உலக்கையை எடுத்துவந்தாள்.

"அம்மா, கண்ணால கண்டத நான் எழுதித்தான் ஆகணும். முத்திரைய உடைச்சா ஒங்க வழக்கு போயிரும்."

"எழுதுங்க. யாரு உடைச்சான்னு சந்தேகமில்லாம எழுதுங்க. இவுங்க யாரு மேலயும் பழி வரக் கூடாது."

வியாகுலம் கையை நீட்டினார். "தாங்க தாயே, நான் உடைக்கேன்."

"இதுல ஒமக்குப் பாத்தியதை இல்லய்யா" என்று சொல்லி அவரை விலக்கினாள். மூன்றாவது அடியில் பூட்டு தெறித்தது. அந்தோணியம்மாளைத் தோளில் சாய்த்து உள்ளறைக்குக் கூட்டிப் போனாள். மற்றவர்களும் உள்ளே ஒதுங்கினார்கள்.

ஞானசிகாமணி மட்டும் வாசலில் நின்றார். வெளிச்சம் மங்குவதற்குள் உள்ளிருந்து குழந்தையின் அழுகை கேட்டது. தேவாலயத்துக்குள் நுழைகிறவர் போலச் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார்.

நடந்ததில் ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதிக் கொடுத்தார். மார்கழியில் வழக்கு வந்தது. வெள்ளைக்கார ஜட்ஜ் அறிக்கையைப் படித்துவிட்டு, மொழிபெயர்ப்பவர் மூலம் கேட்டார்:

"முத்திரையை உடைத்தது நீங்கள்தானா?"

"நான்தான்."

"உத்தரவு தெரிந்துமா?"

"வரிவரியாத் தெரியும்."

"மறுபடி அப்படி நேர்ந்தால்?"

"உடைப்பேன்."

அதை மொழிபெயர்த்தவரின் குரல் தணிந்துவிட்டது. ஜட்ஜ் வெகுநேரம் எழுதினார். பூட்டை உடைத்ததற்கு அபராதம் என்று முதலில் வாசித்தார். பிறகு, தன் உரிமை போகும் என்று தெரிந்தும் தர்மத்தைக் காத்தவரை விட்டுவிட்டு வேறொருவரைத் தேட வேண்டியதில்லை; மீறினால் தள்ளுபடி என்ற பழைய நிபந்தனையை நீக்கி இவரையே தர்மகர்த்தாவாக நியமிக்கிறோம் என்றார்.

வெளியே வந்ததும் தில்லைநாயகத்தின் வக்கீல், "மதராஸ்ல அப்பீல் போடலாம், அண்ணாச்சி" என்றார்.

தில்லைநாயகம் படியிறங்கிப் போகும் சொர்ணாம்பாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்வே. அன்னைக்கு அங்கன நான் நின்னிருந்தா, உத்தரவு உத்தரவுன்னு சும்மாதான் நின்னிருப்பேன்."

தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மதினிக்குப் பின்னால் பைய நடந்தார்.