தண்ணீரைச் சேர்க்காத கணக்கு

பூச்சுப் பட்டறையின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குத் தராசு என்று பட்டப்பெயர். முள் அசையாமல் நிற்கும்வரை மூச்சுகூட விடமாட்டாள் என்று கேலி செய்வார்கள். கேலியோ என்னவோ, தப்பு செய்யாதவள் என்ற அந்தப் பெயர் ஒன்றுதான் அவளுக்கென்று இருந்த சொத்து. கணக்குப் போடுவது அத்தான், நிறுத்துப் போடுவது அவள். அக்கா புருஷன் என்ற முறையில் வேலை வாங்கிக் கொடுத்ததும் அத்தான்தான், அதைத் தினமும் சொல்லிக் காட்டுவதும் அத்தான்தான்.

கதவுக் கைப்பிடிகளுக்குச் செம்புப் பூச்சு ஏற்றும் தொட்டிக்குக் காப்பர் சல்பேட் கரைக்க வேண்டும். வழக்கமாக வருவது தண்ணீர் நீக்கிய வெள்ளைப் பொடி. செம்புக்கு அறுபத்து நான்கு, கந்தகத்துக்கு முப்பத்திரண்டு, நான்கு ஆக்சிஜனுக்கு அறுபத்து நான்கு. மோலார் நிறை நூற்று அறுபது, தீர்ந்தது கணக்கு. அந்த வாரம் மூட்டையைப் பிரித்தால் உள்ளே நீலப் படிகம். நீலம் என்றால் ஒவ்வொரு மூலக்கூறும் ஐந்து தண்ணீரைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறது என்று பொருள். அந்த ஐந்து தண்ணீரின் எடையான தொண்ணூறையும் கூட்டி இருநூற்று ஐம்பது என்று வைக்க வேண்டும். அத்தானோ பழைய நூற்று அறுபதிலேயே எடையை எழுதி நீட்டினார்.

"அத்தான், இதுல தண்ணி இருக்கே. சேர்த்துட்டீங்களா?"

"உனக்குப் பால்பல்லு விழறதுக்கு முன்னாடியே கணக்குப் போட்டவன் நான். சொன்னதை நிறுத்துப் போடு."

போட்டாள். அக்கா வீட்டுச் சோறு வாயை அதற்குமேல் திறக்கவிடவில்லை.

எடையில் தண்ணீரும் சேர்ந்துவிட்டதால் தொட்டியில் செம்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோனது. கைப்பிடிகள் கருகி, சொரசொரவென்று வெளியே வந்தன. காலையில் விசாரிக்கிறேன் என்று உறுமிவிட்டுப் போனார் முதலாளி.

சாயங்காலம் அக்கா சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"கணக்கு நான்தான் போட்டேன்னு சொல்லிடுடி."

"போட்டது அவர்தான்க்கா, உனக்கே தெரியும்."

"தெரியும்டி. இந்த வயசுல அவருக்கு இனிமே யாரு வேலை குடுப்பா? நீ ஒத்தக்கட்டை, கெட்டிக்காரி. எங்க போனாலும் பொழச்சுக்குவ."

பிறந்ததிலிருந்து அக்கா அவளைக் கெட்டிக்காரி என்று சொன்னதே இல்லை. காரியம் ஆக வேண்டுமென்றால் கழுதைக்கும் பட்டம் கிடைக்கும்.

மறுநாள் முதலாளியிடம் அப்படியே சொன்னாள். "சின்னப் பொண்ணு சார், தெரியாம பண்ணிட்டா" என்று பக்கத்தில் நின்று அத்தான் பெருந்தன்மையோடு பரிந்து பேசினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வேலை போயிற்று.

பிழைத்துக்கொள்ளத்தான் முடியவில்லை. மோலார் நிறை தெரியாமல் தொட்டியைக் கெடுத்தவள் என்ற செய்தி ஒவ்வொரு பட்டறைக்கும் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. அக்கா பரிமாறும் தட்டில் சோறு மெல்ல மெல்லக் குறைந்தது. கடைசியில் ஒரே ஒரு ஆய்வுக்கூடம் கூப்பிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் தலைமை வேதியியலாளர், நரைத்த தலை, கனிவான முகம் கொண்ட ஒரு அம்மாள்.

"நீலக் காப்பர் சல்பேட். மோலார் நிறை?"

"இருநூத்தம்பது மேடம். அஞ்சு தண்ணியோட."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அம்மாள் சந்தோஷமாகச் சிரித்தார்.

"நல்லாப் பதிஞ்சிருக்கு. உங்க அத்தான் போன்ல சொன்னார். அந்தத் தப்புக்கப்புறம் உங்கள உக்கார வெச்சு, அஞ்சு தண்ணிய அவரே பொறுமையா சொல்லிக் குடுத்தாராமே? அவர் வார்த்தைய நம்பித்தான் கூப்பிட்டேன். நிஜந்தானே?"

வேலை வேண்டியிருந்தது.

"ஆமா மேடம்" என்றாள். "அவர்தான் சொல்லிக் குடுத்தார்."