பஸ் ஏறிய ஏரி

தொண்ணூற்றொன்றில் ஒரு மாலை, செம்பரம்பாக்கம் ஏரியை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து முடித்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றேன். மேஜை அகலப் படம், ஈரம் காயவில்லை. என் கையிலிருந்ததைப் பார்த்ததும் இரண்டு பஸ்கள் நிற்காமலே போய்விட்டன. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்த மூன்றாவது பஸ் நின்றது. உள்ளே கால் வைக்க இடமில்லை.

"இன்னாம்மா அது, கண்ணாடியா?" என்றார் கண்டக்டர்.

"பெயின்ட்! ஈரம்! யாரும் தொடாதீங்க!" என்று கத்தினேன்.

தொடாமல் எப்படி? படத்தை வாங்கி, வண்ணப் பக்கம் மேலே பார்க்கத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார்கள். ஷிப்ட் முடிந்து வந்தவர்களும் கூடைக்காரிகளும் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் படத்தின் விளிம்பையும் பிடித்துக்கொண்டார்கள். இறங்குகிறவர்கள் பக்கத்து ஆளிடம் பிடியைக் கொடுத்துவிட்டே இறங்கினார்கள். நானோ ஒவ்வொரு பிரேக்குக்கும் அவர்கள்மேல் எரிந்து விழுந்தேன்.

"கத்தாத கண்ணு, உன் ஏரி தளும்பல" என்றாள் கீரைக்காரி ஒருத்தி. அவள் முந்தானையில் என் நீலம் அப்பியிருந்தது. அதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.

பூந்தமல்லியில் படம் கைமாறிக் கைமாறி என்னிடம் இறங்கியது. நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் பஸ் புறப்பட்டுவிட்டது.

வீட்டில் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். ஏரியில் ஒரு கீறல் இல்லை. விளிம்பைச் சுற்றிலும் கட்டைவிரல் ரேகைகள். நான் கையெழுத்துப் போட ஒதுக்கியிருந்த மூலையிலும் ஒன்று அழுத்தமாகப் பதிந்திருந்தது.

அதன்மேல் என் பெயரை எழுத மனம் வரவில்லை.