ஏழாவது கோரிக்கைக்குக் காரணம்

1

இந்தக் கதை நான் திருடியது. முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு என்னைக் குறை சொல்லாதீர்கள். கால்குலேட்டர் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்குத் தற்காலிக வேலை. நாமே புரோகிராம் எழுதி வைத்துக்கொள்ளும் சயின்டிஃபிக் கால்குலேட்டரில் புது மாடல் வரப்போகிறது, என்னென்ன வசதி வேண்டும் என்று வாடிக்கையாளர்களைக் கேட்டிருந்தார்கள். வந்து குவிந்த கடிதங்களைப் படித்து அட்டவணை போடுவது என் தலையில் விழுந்தது.

அதில் ஒன்று கல் குவாரியிலிருந்து. எழுதியவர் வெடிக்குக் கணக்குப் போடுகிறவர். மொத்தம் ஏழு கோரிக்கைகள். வெயிலில் திரை தெரிய வேண்டும், பொத்தானுக்குள் கல்தூள் புகக் கூடாது என்று ஆறு வரை சாதாரணம். ஏழாவது இது:

"புரோகிராம் நம்மிடம் எண் கேட்கும்போது, போன தடவை கொடுத்ததைத் தானாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புதிதாக அடித்தால்தான் நகர வேண்டும். காரணம்: என் மச்சினன்"

அவ்வளவுதான். வாக்கியம் அப்படியே நிற்கிறது. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரைவு: குவாரிக்கு மேலே கரும்புகை எழுந்து வானத்தை [அடித்துவிட்டேன். கரும்புகையாவது ஒன்றாவது! அங்கே எழுவது வெள்ளைத் தூசி.]

இரண்டாவது: வெடிக்காரர் நல்ல மனிதர் [நல்லவர்தான். அதுதானே தொல்லை.]

மூன்றாவது, இது இருக்கட்டும்:

காலை பத்தரை மணி. வெடிக்காரர் பாறைமேல் குந்தி, கால்குலேட்டரை எடுத்தார். புரோகிராம் அவரே எழுதியது. கேள்விக்குறி வரும். குழிக்கு எத்தனை கிலோ வெடிமருந்து என்று அடித்தால், ஆட்கள் எத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று சொல்லும். கேள்விக்குறிக்குக் கீழே போன தடவை கொடுத்த எண் நிற்கும். ஒன்றும் அடிக்காமல் பொத்தானை அழுத்தினால் அதையே எடுத்துக்கொள்ளும். அன்றைய மருந்து தொண்ணூறு கிலோ. திரையில் நின்றது முந்தின நாளின் நாற்பது.

"மாமா, எங்க நிக்கட்டும்?" என்றான் மச்சினன். மனைவியின் தம்பி. சிவப்புக் கொடியோடு பாதையில் நின்று வண்டிகளை மறிப்பது அவன் வேலை.

"இருடா, பறக்காத." பொத்தானைத் தட்டினார். "இருநூறு."

"நேத்தும் அதானே?"

"மிஷின் சொல்லுது. போடா, நேரமாச்சு."

முன்னூறு என்று சொல்லியிருக்க வேண்டும். அவன் எண்ணி நடந்து இருநூறில் நின்றான். ஒரே ஒரு கல்தான் அவ்வளவு தூரம் வந்தது.

(பக்கக் குறிப்பு: அவருடைய கவனம் சிதற ஒரு காரணம் தேடினேன். ஃபோன் வந்தது என்று எழுதினேன், வீட்டில் சண்டை என்று எழுதினேன், எதுவும் ஒட்டவில்லை. தினமும் அழுத்துகிற பொத்தான், கை தன்பாட்டுக்கு அழுத்திவிட்டது. பாவி மனுஷன்.)

3

விசாரணைக்கு வந்தவர் தொண்ணூறு கிலோவுக்கு முன்னூறு மீட்டர் என்று தாளில் கணக்குப் போட்டார். பிறகு நாடா பிடித்து அளந்தார்.

"நூறு மீட்டர் முன்னால வந்து நின்னிருக்கான். ஏன்?"

வெடிக்காரர், "தெரியலங்க" என்றார். அது அறிக்கையில் 'கொடிக்காரரின் கவனக்குறைவு' என்று ஏறியது.

வீட்டில் அவர் மனைவி அதை நம்பவில்லை.

"ஏங்க, நில்லுன்னா நின்ன இடத்துலயே நிக்கிறவன் அவன். சின்னதுல கண்ணாமூச்சி ஆடும்போது அவன நான் மறந்தே போயிட்டேன். சாயங்காலம் வரைக்கும் பீரோவுக்குப் பின்னாலயே நின்னான். அவனா முன்னால வருவான்?"

"விடு. நடந்தது நடந்துபோச்சு."

"செத்தவன் தலையில பழியப் போட்டுட்டு எப்படிங்க விடுறது?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்கு ஒரு கவளமும் போகவில்லை.

4

அன்றிலிருந்து அவர் அந்தக் கால்குலேட்டரைத் தொடவில்லை. ஆகவே உள்ளே இன்னும் நாற்பது இருக்கிறது. நாமாக அழிக்காதவரை அது மறக்காது. நடந்ததற்கு ஒரே சாட்சி அதுதான். இரண்டு பொத்தான் அழுத்தினால் சாட்சி காலி.

5

இதைச் சொல்லாமல் தாண்டிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஏழாவது கோரிக்கையை அட்டவணையில் எங்கே போட்டேன் தெரியுமா? 'பயன்படுத்துபவரின் தவறு, மாற்றம் தேவையில்லை' என்ற கட்டத்தில். விசாரணைக்காரரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? வெட்கமாக இருக்கிறது.

புது மாடல் வந்துவிட்டது. வெயிலில் திரை பளிச்சென்று தெரிகிறது. பழைய எண்ணும் பளிச்சென்று தெரிகிறது.

6

முடிவு (அ): அவர் அழித்துவிடுகிறார். தம்பி பழியோடு கிடக்கிறான், குடும்பம் பிழைத்துக்கொள்கிறது.

முடிவு (ஆ): அவர் வாயைத் திறந்து, "அவன் முன்னால வரலம்மா, நான்தான் [நான்கு தடவை எழுதிப் பார்த்தேன். இதைக் கேட்டதும் அவள் முகம் எப்படி மாறும் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை.]

ஆக, என்னால் முடிந்தது இதுவரைதான். ஞாயிற்றுக்கிழமை மதியம். அவள் கால்குலேட்டரைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் மேஜையில் வைக்கிறாள்.

"அன்னைக்கு இதுல என்ன போட்டீங்க? எனக்குப் போட்டுக் காட்டுங்க."

அவர் அதை எடுத்துத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு புரோகிராமை ஓட்டுகிறார். திரையில் கேள்விக்குறி. கீழே நாற்பது. அவளுக்கு அது இன்னும் தெரியவில்லை. அவருடைய கட்டைவிரல் பொத்தான்களுக்கு மேலே நிற்கிறது.

இனி அந்த விரல் உங்களுடையது. அழிக்கலாம், திருப்பிக் காட்டலாம். எனக்கென்ன என்று ஒன்றும் செய்யாமல் எழுந்தும் போகலாம். போனால், விசாரணைக்காரர் எழுதி வைத்த அந்த நூறு மீட்டர் அப்படியே நிற்கும்.